செம்பு உறையும் முள்ளின் ஆட்டமும்

பெர்த்தில் இருக்கும் நண்பனுக்கும் எனக்கும் இரண்டே விஷயங்களில்தான் சண்டை வரும். ஒன்று அரசியல், இன்னொன்று துப்பாக்கிக் குண்டின் மேல் இருக்கும் செம்பு உறை. அரசியல் சண்டை அன்றைக்கே முடிந்துவிடும். இது மாதக்கணக்கில் இழுத்தது. கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவைக் காலத்தில், முகாமில் ஒரே பங்க் அறையில் கிடந்தவர்கள் நாங்கள். அவன் பிற்பாடு ஆஸ்திரேலியாவில் குடியேறி, முறைப்படி உரிமம் எடுத்து, ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, வார இறுதி ஆனால் இலக்குப் பலகை முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறான். நான் இங்கேயே சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு ஸ்டாம்பிங் தொழிற்சாலையில் இருக்கிறேன். உலோகத் தகட்டை அழுத்திக் குப்பி குப்பியாக இழுத்து வரும் பாகங்களை அளந்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. அதனால்தான் அவன் என்னைப் பிடித்தான்.

"உறை மெல்லிசா இருந்தாதான்டா குண்டு ஒரே இடத்துல போய் விழும். தடி உறையெல்லாம் வேட்டைக்காரனுக்கு" என்பது அவன் கட்சி. அவன் கழகத்திலேயே ஒரு பெரியவர் நேர் எதிர்க்கட்சி. தடித்த உறைக்கு மாறிய பிறகுதான் தன் துப்பாக்கி ஒழுங்காகச் சுடுகிறது என்று அடித்துச் சொல்கிறாராம். இரண்டு பேரும் இலக்குத் தாளைக் காட்டுகிறார்கள், இரண்டு தாளிலும் ஓட்டைகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. "நீ நாள் பூரா மைக்ரானோட மல்லுக்கட்டுறவன், நீயே சொல்லு" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எனக்கு உடனே ஒரு சிரிப்பு வந்தது. ஒரு குண்டை அறுத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குண்டை அறுப்பது? தேசிய சேவையில் ரேஞ்சு, அதாவது சுடும் பயிற்சி, முடிந்ததும் வெயிலில் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் நகராமல் நின்று, பையையெல்லாம் உதறிக் காட்டி, ஒவ்வொருவராக "என்னிடம் தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை, சார்" என்று கத்திவிட்டு வந்த பரம்பரை நாம். 1973 ஆம் ஆண்டு வந்த ஆயுதக் குற்றச் சட்டம் தெரிந்தவன் எவனும் ஒரு தோட்டாவை ஞாபகார்த்தமாகக் கூட வைத்துக்கொள்ள மாட்டான். ஆகவே அறுக்கும் வேலை அவனுடையது, கணக்குப் போடும் வேலை என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம்.

உறை எதற்கு?

இந்த உறை எல்லாத் துப்பாக்கிக்கும் உரியது அல்ல. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் நம் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கினாரே, 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் படுத்துச் சுடுவதிலும், அந்த இரண்டிலும் உறை கிடையாது. முதலாவது 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட். இரண்டாவது பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குல அளவு, அதுவும் வெறும் ஈயம்தான், மேலே கொஞ்சம் மெழுகோ மசகோ பூசியிருக்கும். போட்டிக்கான பாயிண்ட் டூ டூ குண்டு ஒலியின் வேகத்தைத் தொடாமல், நொடிக்கு 330 மீட்டர் போல மெதுவாகப் போகிறது. அந்த வேகத்துக்கு ஈயம் தாங்கும்.

வேகம் கூடினால் ஈயம் தாங்காது. குழலுக்குள் திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள்தான் குண்டைச் சுழல வைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் எகிறியபோது, மிருதுவான ஈயம் அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கியது, உருகிக் குழலில் அப்பிக்கொண்டது. அந்த மருந்து வருவதற்குச் சற்று முன்னாலேயே, 1882 இல், எடுவர்ட் ரூபின் என்ற சுவிஸ் ராணுவ அதிகாரி ஈயத்துக்குச் செம்பால் ஒரு சட்டை போட்டார். இன்றைக்கும் அடிப்படையில் அதே சட்டைதான். நூறில் தொண்ணூறோ தொண்ணூற்றைந்தோ பங்கு செம்பு, மிச்சம் துத்தநாகம் கலந்த தகடு. என் நண்பன் சுடும் பாயிண்ட் டூ டூ த்ரீ அளவுக் குண்டில் அது அரை மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும்.

அந்த அரை மில்லிமீட்டரை எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டுவார்கள். பஞ்ச் என்ற அழுத்துகோல் அதை டை என்ற அச்சுக்குள் தள்ளும், வில்லை ஒரு சின்னக் கிண்ணமாகும். அடுத்த டையில் இன்னும் ஒடுங்கும், இன்னும் நீளும், சுவர் மெலியும். வாய் விளிம்பு சமமாக வராது, தகட்டை எந்தத் திசையில் உருட்டினார்களோ அதைப் பொறுத்துக் காது காதாகத் தூக்கி நிற்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே ஈயத்தை வைத்து அழுத்தி, முனையைக் கூராக ஒடுக்கினால் குண்டு. இராணுவக் குண்டில் கிண்ணத்தின் அடிப்பக்கம் மூக்காகும், வாய்ப்பக்கம் பின்னால் வந்து மடியும், அதனால் அடியில் ஈயம் தெரியும். போட்டிக் குண்டில் தலைகீழ். கிண்ணத்தின் மூடிய அடி அப்படியே பின்பக்கம் ஆகிவிடும், வாய் ஒடுங்கி மூக்கில் ஊசித் துளையாக மிஞ்சும். குழலை விட்டு வெளியே வரும் கணத்தில் வெடிவாயு கடைசியாகத் தள்ளுவது அந்தப் பின்பக்கத்தைத்தான். அது ஒரே சீராக இருந்தால்தான் குண்டு கோணாமல் கிளம்பும். துல்லியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேச வேண்டும் என்பேன். ஆனால் எங்கள் சண்டை இதைப் பற்றி அல்ல.

முள்ளைப் பார்

எங்கள் தொழிற்சாலையில் இந்த அச்சுகளைச் செய்யும் டூல்மேக்கர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பிக் காஸ்வேயைத் தாண்டி வருகிறவர். துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு நாள் ஒரு சென்சருக்கான பித்தளைக் குப்பி, விரல் நுனி அளவு, தொகுதி தொகுதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் சுவர் 0.50 என்று இருந்தது. நான் அளந்தால் ஒரு குப்பி 0.50, ஒன்று 0.49, ஒன்று 0.51. எல்லாம் அனுமதித்த எல்லைக்குள்தான். ஆனால் வாடிக்கையாளர் அதைச் சுழலும் தண்டில் மாட்டினால் அதிர்கிறது என்றார்.

அண்ணன் என் மைக்ரோமீட்டரை ஓரமாக வைக்கச் சொன்னார். கிரானைட் மேசையில் ஒரு சின்ன மேன்ட்ரலை, அதாவது குப்பியைத் தாங்கும் தண்டை, படுக்கையாகப் பொருத்தினார், அதன் நுனி உருண்டையாக இருந்தது. அதற்கு நேர் மேலே, முள்ளால் அளவு காட்டும் டயல் கேஜ். குப்பியை மேன்ட்ரலில் கவிழ்த்து மாட்டி, கேஜின் கால் வெளிச் சுவரைத் தொடும்படி இறக்கினார். குப்பியின் சுவர் இப்போது உருண்டை நுனிக்கும் கேஜின் காலுக்கும் நடுவே. சுட்டுவிரலால் குப்பியை மெதுவாக உருட்டினார். முள் ஒரு பக்கம் ஏறியது, அரைச் சுற்று உருண்டதும் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. "தம்பி, நம்பரைப் பார்க்காதே. முள் எவ்வளவு ஆடுதுன்னு பார்" என்றார். ஒரு புள்ளியில் 0.51 என்று நான் எழுதிக்கொண்ட குப்பி, எதிர்ப் புள்ளியில் 0.49. பஞ்ச் டையின் நட்டநடுவில் இறங்காமல் ஒரு மயிரிழை ஒதுங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் மிச்சப்பட்ட உலோகம் இன்னொரு பக்கத்தில் குறைந்திருந்தது. சராசரி மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அன்று மாலை எம்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். உறை தடியா மெல்லிசா என்று அறுத்துப் பார்ப்பதை நிறுத்து, ஒரே குண்டைச் சுற்றிச் சுற்றி அளந்து பார் என்று. குறுக்கே அறுத்து, பளபளவென்று தேய்த்து, கழகத்தில் யாரிடமோ இருந்த நுண்ணோக்கியில் வைத்துப் படம் அனுப்பினான். வெளியே செம்பு வளையம், உள்ளே சாம்பல் நிற ஈயம். கண்ணுக்கு எல்லாம் ஒரே மையத்தில்தான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கோடு போட்டு அளந்தால், மலிவான குண்டு ஒன்றில் ஈய வட்டம் செம்பு வட்டத்தின் நடுவில் இல்லை.

கொஞ்சம் கணக்கு

குழலுக்குள் இருக்கும்வரை குண்டுக்கு வேறு வழியில்லை. அதன் வடிவத்தின் நடு அச்சைச் சுற்றித்தான் சுழல வேண்டும், சுவர் அப்படிப் பிடித்திருக்கிறது. எடையின் மையம் வேறு இடத்தில் இருந்தால் அந்த மையம் நடு அச்சைச் சுற்றி ஒரு நுண்ணிய வட்டம் போட்டுக்கொண்டே வருகிறது. குழலின் வாயைத் தாண்டிய கணத்தில் பிடி விடுகிறது. கவணிலிருந்து விடுபட்ட கல்போல, அந்த நொடியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்ன எத்து வாங்கிக்கொண்டு பறக்கிறது. ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்காக ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டிருக்கிறார். வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்து, முடிவுகளை 1909 இலேயே வெளியிட்டுவிட்டார். இதையெல்லாம் எப்படிச் செய்தாரோ, வீட்டில் என்ன பேச்சு வாங்கினாரோ.

எத்து எவ்வளவு என்பது கணக்குக்கு எளிது. நண்பனின் குழல் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது 203 மில்லிமீட்டர். நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் சுற்று சுற்றுகிறது. அந்தச் சுழற்சியைக் கேட்டதும் எனக்கே பயமாக இருந்தது. ஆனால் இன்னொரு பக்கம், ஈயமும் செம்பும் எடையில் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், உறைக்கான செம்புக் கலவை 8.8 கிராம் போல. உறை ஒரு பக்கம் கனத்து ஈயம் எதிர்ப்பக்கம் ஒதுங்கினாலும், ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பெரும்பாலும் நிரப்பிவிடுகிறது. சுவரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஈயம் ஒதுங்குவது அதில் பாதி, அதாவது 5 மைக்ரான். எடையின் மையம் நகர்வதோ ஒரு மைக்ரான் கூட இல்லை, 0.8 தான். அந்த 0.8 மைக்ரான், 100 மீட்டர் தூரத்தில் இரண்டரை மில்லிமீட்டராக விரிகிறது. 300 மீட்டரில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த எண்ணைப் பெரிது என்பதா சிறிது என்பதா? யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அனைத்துலகப் போட்டியில் 300 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 100 மில்லிமீட்டர் அகலம். படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடுகிறவனுக்கு 7 மில்லிமீட்டர் கணக்கிலேயே வராது. ஆனால் துப்பாக்கியை மேசையில் மணல்பை மேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 100 கெஜத்தில் ஐந்து குண்டும் 5 மில்லிமீட்டருக்குள் விழவில்லை என்றால் தூக்கம் வராதவர்கள். அவர்களுக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்பது மொத்தச் சொத்து. அதனால்தான் அவர்கள் குழலில் சுழற்சியையே குறைத்துக்கொள்கிறார்கள். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதே கோணல் குண்டு அந்தக் குழலில் 1.4 மில்லிமீட்டர்தான் விலகும். சுற்று எவ்வளவு நெருக்கமோ, கோணலுக்கு அவ்வளவு தண்டனை.

கோணல் என்று ஒரே அடியில் சொல்லிவிட்டேன், அதிலும் ஒரு வகை தனி. மூக்குப் பக்கம் ஒரு திசையிலும் வால் பக்கம் எதிர்த்திசையிலும் சுவர் கனத்தால் எடையின் மையம் நடுவிலேயே நிற்கும், ஆனால் குண்டு சுழல விரும்பும் அச்சு சாய்ந்துவிடும். வெளியே வந்ததும் தலையாட்டும். இதை டயல் கேஜில் பிடிப்பது கஷ்டம், ஒரே உயரத்தில் அளந்தால் தெரியவே தெரியாது.

ஆக, தடிமன்?

இப்போது அவன் கேள்விக்கு வரலாம். எல்லாக் குண்டின் உறையும் அரை மில்லிமீட்டர் என்றாலும் சரி, எல்லாமே முக்கால் மில்லிமீட்டர் என்றாலும் சரி, சுற்றிலும் ஒரே சீராக இருக்குமானால் தடிமன் என்ற எண் தனியாக ஓட்டைகளைச் சிதற அடிக்காது. பிறகு மெல்லிய உறைக்கு ஏன் அவ்வளவு நல்ல பெயர்? தகட்டைப் புழங்குகிறவனுக்கு இதில் மர்மம் இல்லை. தகட்டின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அதன் தடிமனின் விகிதத்தில்தான் வரும். நூறில் ஒரு பங்கு பிசகு என்றால் அரை மில்லிமீட்டர் தகட்டில் 5 மைக்ரான், முக்கால் மில்லிமீட்டரில் ஏழரை. மெல்லிய உறையில் தவறு செய்யவே இடம் குறைவு. அதோடு போட்டிக்கென்று உறை இழுக்கும் பட்டறைகள் பஞ்சையும் டையையும் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கின்றன. வேட்டைக் குண்டுக்கு வேறு கவலைகள், தடித்த உறை அங்கேதான் அதிகம் புழங்குகிறது. நண்பன் ஒப்பிட்டது மெல்லிசையும் தடியையும் அல்ல, ஒரு கவனமான பட்டறையையும் ஒரு அவசரப் பட்டறையையும் என்று சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர் சொன்னதும் பொய் இல்லை. நீளக் குழல், நெருக்கமான சுற்று, உச்ச வேகம், நீளமான குண்டு, இவையெல்லாம் கூடினால் உராய்வுச் சூடு உறையைத் தாண்டி ஈயத்தின் வெளிப்புறத்தை உருக்கத் தொடங்கிவிடும். உறை மெல்லிசு என்றால் குண்டு இலக்கைச் சேராமலே பாதி வழியில் சிதறிப்போகும். சுடுகிறவன் தாளைப் பார்த்தால் ஓட்டையே இருக்காது, பட்டதா படவில்லையா என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். குண்டு தயாரிக்கும் பெர்ஜர் நிறுவனம் இந்தத் தொல்லைக்காகவே தன் இலக்குக் குண்டுகளில் சிலவற்றுக்குத் தடித்த உறை போட்டு விற்கத் தொடங்கியது. கூடுதல் செம்பு ஈயத்தைச் சூட்டிலிருந்து ஒரு எட்டு தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். பெரியவர் தூர இலக்குக்காரர், துப்பாக்கியும் அப்படிப்பட்டது. மெல்லிசு அவருக்குத் தோதுப்படாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் தாளை வைத்துக்கொண்டு உண்மையைத்தான் சொன்னார்கள். தடிமன் என்ற ஒரே எண்ணை அதற்குக் காரணமாக்கியதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

நண்பன் லேசில் விடுகிறவன் இல்லை. "அப்போ கோணல் குண்டா இருந்தாலும், எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பிப் போட்டா?" என்றான். இது நல்ல கேள்வி. நான் அதை அவனிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. சிதறல் வருவதற்குக் காரணமே, தடித்த பக்கம் ஒரு தடவை மேலும் இன்னொரு தடவை கீழுமாகத் தன்னிஷ்டத்துக்கு உட்காருவதுதான். கோணல் ஒரே அளவில் இருந்து, ஒவ்வொரு தோட்டாவையும் தடித்த பக்கம் மேலே வரும்படி அறைக்குள் வைத்தால், எல்லாமே ஒரே திசையில் எத்து வாங்கும். ஓட்டைக் கூட்டம் விரியாது, மொத்தமாக ஒரு பக்கம் நகரும், நகர்ந்ததைக் குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். எங்கள் வேலையில் தினமும் பார்க்கிற சங்கதிதான் இது. எப்போதும் ஒரே அளவு தப்பாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம்.

ஈயம் அடைத்த குண்டில் டயல் கேஜால் உறைச் சுவரை அளக்க முடியாது, ஆகவே மனிதன் உடனே அறுக்காமலே உறையின் கோணலைக் காட்டும் ஒரு கருவியைத் தேடிப் பிடித்துவிட்டான். குண்டு குண்டாக உருட்டி, உறை தடித்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, முட்டைத் தட்டில் அடுக்கி வைக்கிறானாம். அவன் மனைவி என்னிடம் வாட்ஸ்அப்பில், "அண்ணே, இதுக்கெல்லாம் நீங்கதான் காரணம்" என்று எழுதியிருந்தார். நான் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் போட்டுவிட்டு அடங்கிக்கொண்டேன்.

கோடு போட்ட குண்டுகளை அவன் 300 மீட்டரில் வைத்துச் சுட்டான். கோடு மேலே வைத்து ஒரு தாள், கண்டபடி வைத்து ஒரு தாள். இரண்டு தாளையும் படமெடுத்து அனுப்பி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பெர்த்தில் மதியம் ஆனால் கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பும். ஃப்ரீமேண்டில் டாக்டர் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவன் குண்டை 300 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிவிட, பக்கவாட்டில் நொடிக்கு ஒரு மீட்டர் காற்றே போதும். 7 மில்லிமீட்டரை அதற்குள் எங்கே தேடுவது? காலையில் காற்று எழுவதற்கு முன்னால் போய் 100 மீட்டரில் சுடு, மணல்பை மேல் வைத்துச் சுடு என்றேன். விடிகாலையில் கழகத்தைத் திறக்க மாட்டார்கள் என்கிறான். சாவி வைத்திருப்பவர் அந்தப் பெரியவர்தானாம். அவரிடம் போய் எதற்காகத் திறக்க வேண்டும் என்று சொல்ல இவனுக்கு இன்னும் மனசு வரவில்லை.